கடையில் விளையாடலாமா?



"இது கடையா, விளையாட்டுக் களமா?" என்று கடைப் பையனைப் பார்த்துக் கேட்காத முதலாளி நம்மில் ஒருவரும் இருக்க முடியாது. நாமும் கேட்டிருக்கிறோம். நம் தந்தையார் நம்மைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். கடை என்றால் வேலை, விளையாட்டு என்றால் வீண்பொழுது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றுதான் நாம் வளர்க்கப்பட்டோம்.

ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மண்டியில் உட்கார்ந்து பார்த்தபின் ஒன்று புரிகிறது. நம் தொழிலில் புதிதாக எது வந்திருந்தாலும், அது யாரோ ஒருவர் ஓய்ந்த நேரத்தில், அடி விழாது என்ற தைரியத்தில், "இப்படிச் செய்து பார்த்தால் என்ன?" என்று விளையாட்டாகத் தொடங்கியதாகவே இருக்கிறது. அந்தத் தைரியத்தைக் கொடுக்கிற கடை வளர்கிறது. அதைப் பிடுங்கிக்கொள்கிற கடை, நேற்று விற்றதையே இன்றும் விற்றுக்கொண்டிருக்கிறது.

வில்லியனூரிலும் பாகூரிலும் மளிகைக் கடை வைத்திருக்கும் நமக்கு இது சாதாரணச் செய்தி அல்ல. நகரத்துப் பெரிய அங்காடிகள் விலையில் நம்மை அடிக்கின்றன. கைப்பேசியில் தட்டினால் வீட்டுக்கே சாமான் வருகிறது. விலையில் அவர்களோடு மல்லுக்கு நிற்க நம்மால் ஆகாது. நம்மிடம் இருப்பது நம் தெருவைப் பற்றிய அறிவு. அந்த அறிவு கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளியைவிட, எடை போட்டுப் பொட்டலம் மடிக்கிற பையனிடம்தான் அதிகம் இருக்கிறது. அவன் வாயைத் திறக்க விடுகிறோமா என்பதுதான் கேள்வி.

தென்பெண்ணைக்கு அக்கரையில் ஒரு பாடம்

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடி அலைய வேண்டாம். பாகூரிலிருந்து தெற்கே தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர். நம் கடைகளில் சரம் சரமாகத் தொங்குகிறதே ஷாம்பு பாக்கெட், அதன் கதை அங்கேதான் தொடங்குகிறது.

கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்று ஒருவர். விவசாயமும் மருந்து வியாபாரமும் செய்தவர். பெரிய டப்பாவில் வருகிற பொருளை ஏழை எளியவர் வாங்க முடிவதில்லை என்பது அவர் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. பேதி உப்பு 100 கிராம் பொட்டலமாக விற்ற காலத்தில் அவர் அதை 20 கிராம், 10 கிராம், 5 கிராம் என்று பிரித்துக் கட்டிப் பார்த்தார். முகப் பவுடர் தகர டப்பாவில் மட்டும் கிடைத்த நாளில் அதையும் சிறு அளவில் அடைத்துப் பார்த்தார். கூலி வேலை செய்பவரும் ரிக்‌ஷா இழுப்பவரும் வாங்குகிற மாதிரி ஒரு பொருள் செய்ய வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். இனி வரும் காலம் சிறு பாக்கெட்டின் காலம் என்றும் சொல்லி வந்தார். செய்து பார்ப்பதில் இருந்த திறமை விற்பதில் அவருக்கு இல்லை. ஆனால் அவர் செய்து பார்த்ததை எல்லாம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவருடைய பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் சி.கே. ரங்கநாதன். படிப்பில் தாம் மிகவும் பின்தங்கியவர் என்று அவரே பேட்டிகளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடம் போகப் பிடிக்காது. வீட்டில் 500-க்கும் மேற்பட்ட புறாக்கள், மீன்கள், விதவிதமான பறவைகள் என்று வளர்த்துக்கொண்டிருந்தார். நம் வீட்டில் ஒரு பையன் இப்படி இருந்தால் என்ன செய்திருப்போம்? கூண்டைத் தூக்கி வெளியே எறிந்திருப்போம். அந்த வீட்டில் எறியவில்லை. அந்தப் பையன் புறாவையும் மீனையும் விற்றுத் தன் கைச்செலவுக்குச் சம்பாதித்துக்கொண்டான். எந்த ஜோடியை எப்போது விற்பது, எந்தப் பறவைக்கு எந்தத் தெருவில் கிராக்கி, தீனிச் செலவு போக மிச்சம் எவ்வளவு என்பதை எல்லாம் ஒரு பள்ளிக்கூடமும் கற்றுக் கொடுப்பதில்லை. நாம் கல்லாவில் பத்து வருடம் அடிபட்டுக் கற்றதை அந்தப் பையன் விளையாட்டிலேயே கற்றுக்கொண்டான்.

தந்தை காலமான பிறகு சகோதரர்கள் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்றார்கள். பின்னர் ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து, கையில் 15,000 ரூபாயோடு 1983-இல் தனியாகத் தொடங்கினார். தந்தையின் பெயரைச் சுருக்கி வைத்த பெயர்தான் 'சிக்'. அந்த நிறுவனமே 1998-இல் 'கவின்கேர்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. கவின் என்றால் அழகு என்பது நமக்குத் தெரியும். அந்தப் பெயருக்குள்ளும் தந்தையின் முதலெழுத்துகள் இரண்டு இருக்கின்றன.

காலிப் பாக்கெட்டுக்குப் புதுப் பாக்கெட்

'சிக்' வந்த உடனே ஓடிவிடவில்லை. நாட்டுப்புறத்தில் பாதிப்பேர் சீயக்காய், மீதிப்பேர் குளிக்கிற சோப்பையே தலைக்கும் போடுகிறவர்கள். ஷாம்பு என்றால் சினிமாக்காரர்கள் தேய்ப்பது என்ற நினைப்பு. நிறுவனத்தார் என்ன செய்தார்கள்? ஊர் ஊராகப் போய்க் கூட்டத்தின் நடுவே ஒரு பையனை உட்கார வைத்து, தலைக்கு ஷாம்பு போட்டு அலசி, "தொட்டுப் பாருங்கள்" என்றார்கள். பார்த்தால் தெருக்கூத்து மாதிரிதான் இருக்கும். ஆனால் தொட்டுப் பார்த்தவர்கள் வாங்கினார்கள்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் நம்மைப் போன்ற கடைக்காரர்கள் மறக்கக்கூடாத வேலை. எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, காலிப் பாக்கெட் ஐந்து கொண்டு வந்தால் ஒரு 'சிக்' பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். போட்டிக் கம்பெனியின் வாடிக்கையாளர்கள் தாமாகவே காலிப் பாக்கெட்டைப் பொறுக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். குழந்தைகள் தீப்பெட்டிப் படம் சேர்ப்பதைப்போல் வீட்டுக்கு வீடு பாக்கெட் சேர்த்தார்கள். கொஞ்சநாள் கழித்து, இனி 'சிக்' பாக்கெட்டுக்கு மட்டும்தான் இலவசம் என்று விதியை மாற்றினார்கள். அதற்குள் கைப்பழக்கம் மாறிவிட்டது. மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சம் ரூபாய்க்கு உயர்ந்தது என்று ரங்கநாதனே சொல்லியிருக்கிறார்.

இந்தத் திட்டத்தை ஒரு பெரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? "அடுத்தவன் காலிப் பாக்கெட்டுக்கு நாம் ஏன் சரக்கு கொடுக்க வேண்டும்?" என்று சிவப்பு மையில் கோடு போட்டிருப்பார்கள். கணக்குப் பார்த்தால் அது நஷ்டம். விளையாடிப் பார்த்ததால்தான் அது லாபம் என்று தெரிந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. அந்தச் சிறு பாக்கெட்டுகள்தான் இன்று நம் ஊர் வாய்க்கால்களை அடைத்துக் கிடக்கின்றன. வணிகர்களாகிய நமக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் கவனியுங்கள். காலிப் பாக்கெட்டை வீட்டிலிருந்து கடைக்குத் திரும்ப வரவழைக்கும் வழியும் அந்தக் கடலூர்த் திட்டத்திலேயே இருக்கிறது. எங்கள் கடையில் ஒரு பையன் யோசனை சொல்லி, வாசலில் ஒரு சாக்கைக் கட்டினோம். இருபது காலிப் பாக்கெட் போடும் குழந்தைக்கு ஒரு கடலை மிட்டாய். சாக்கு நிரம்பினால் குப்பை எடுக்க வருபவர்களிடம் சேர்க்கிறோம். பெரிய சாதனை இல்லை. ஆனால் எங்கள் தெரு வாய்க்காலில் பாக்கெட் குறைந்திருக்கிறது. குழந்தைகள் மிட்டாய்க்கு வரும்போது தாய்மார்களும் சேர்ந்து வருகிறார்கள்.

கடல் கடந்த ஒரு மளிகைக்காரர்

ஷாம்பு கம்பெனி கதை நமக்கெதற்கு, நாம் கடைக்காரர்கள்தானே என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்காகக் கடைக்காரர் ஒருவரின் கதையும் சொல்கிறோம்.

அமெரிக்காவில் ஒக்லஹோமா நகரில் சில்வன் கோல்ட்மன் என்ற மளிகைக்காரர் இருந்தார். வாடிக்கையாளர்கள் கையில் கூடையோடு கடைக்குள் வந்து, வேண்டியதைத் தாங்களே எடுத்துக்கொள்வது அந்த ஊர் வழக்கம். கூடை கனத்ததும் வாங்குவதை நிறுத்திவிட்டுப் பணம் கொடுக்க வந்துவிடுவார்கள். இதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், 1936-இல் ஒரு நாள் தம் அறையில் கிடந்த மடக்கு நாற்காலியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்காரும் இடத்தில் கூடையை வைத்தால்? காலுக்குச் சக்கரம் போட்டால்? இப்படித்தான் கடையில் தள்ளிக்கொண்டு போகும் கூடைவண்டி பிறந்தது. 1937-இல் கடையில் கொண்டுவந்து வைத்தார்.

ஒருவரும் தொடவில்லை! ஆண்கள், 'ஒரு கூடையைத் தூக்க எனக்குத் தெம்பு இல்லையா' என்று நினைத்தார்கள். பெண்கள், 'குழந்தை வண்டி தள்ளியது போதாதா' என்று ஒதுங்கினார்கள். அவர் வண்டிகளை மூலையில் போட்டுவிடவில்லை. ஆணும் பெண்ணுமாகச் சிலருக்குக் கூலி கொடுத்து, வாடிக்கையாளர்களைப்போல வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் சாமான் எடுக்கச் சொன்னார். நாடகம்தான். அதைப் பார்த்து மற்றவர்களும் தள்ளத் தொடங்கினார்கள். இன்று உலகம் முழுவதும் பெரிய அங்காடிகளில் அந்த வண்டி ஓடுகிறது.

இதிலே நமக்கு இரண்டு பாடங்கள். நாற்காலியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் வீண் நேரம் அல்ல என்பது ஒன்று. நல்ல யோசனையும் முதல் வாரம் தோற்கும், அந்த ஒரு வாரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது மற்றொன்று.

அதே அமெரிக்காவில் 3எம் என்ற நிறுவனம், வேலை நேரத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கைத் தம் சொந்த யோசனைகளுக்குச் செலவிட ஊழியர்களுக்கு அனுமதி கொடுத்தது. அங்கே 1968-இல் ஒருவர் கெட்டியான பசை செய்யப்போய், லேசாக ஒட்டி எளிதில் உரிந்து வரும் பசை ஒன்று கிடைத்தது. அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. 1974-இல் இன்னொரு ஊழியர், தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளச் சீட்டு நழுவி நழுவி விழுவதைப் பார்த்து, அந்தப் பசையைக் காகிதத்தில் தடவிப் பார்த்தார். 1980-இல் அது அந்த நாடெங்கும் கடைக்கு வந்தது. நம் ஆடிட்டர் அலுவலகங்களில் கோப்புகளின் மேல் ஒட்டியிருக்கிறதே மஞ்சள் சீட்டு, அதுதான். பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் 'பயனற்ற' பசையைத் தூக்கி எறியாமல் வைத்திருந்த பொறுமையை எண்ணிப் பாருங்கள்.

நாங்கள் செய்த தவறு

ஊரார் கதையைச் சொல்லிவிட்டு நம் கதையை மறைப்பது முறையல்ல. 1994 வாக்கில் நடந்தது. எங்கள் மண்டியில் மொத்த வியாபாரத்தோடு முன்பக்கம் சில்லறையும் உண்டு. நடவுக் காலத்தில் மாலை ஆறு மணிக்கு வயலிலிருந்து பெண்கள் கூலியோடு நேரே கடைக்கு வருவார்கள். ஒவ்வொருவருக்கும் துவரம்பருப்பு கொஞ்சம், புளி கொஞ்சம், மிளகாய், கடுகு என்று ஆறேழு பொட்டலம் மடிக்க வேண்டும். முப்பது பேர் நிற்பார்கள். வீட்டில் குழந்தை அழும், உலை வைக்க வேண்டும் என்று அவசரம். அந்த நேரத்தில் எடை தவறும், கணக்குத் தவறும், சண்டை வரும்.

பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் எங்களிடம் வேலை செய்தான். ஒரு நாள் மதியம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அவன், ஒரு வீட்டுக்கு ஒரு வேளைக் குழம்புக்கு வேண்டிய பருப்பு, புளி, மிளகாய், கடுகு, வெந்தயம் எல்லாவற்றையும் தனித்தனியாக மடித்து, எல்லாம் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டி நூல் சுற்றினான். இருபது பொட்டலம். வரிசையாகப் பலகையில் அடுக்கி வைத்து, கரித்துண்டால் விலையும் எழுதியிருந்தான்.

நாங்கள் என்ன செய்தோம்? "யாரைக் கேட்டுச் சரக்கை எடுத்தாய்? காகிதம் உங்கப்பன் வீட்டுக் காகிதமா? இது கடையா, விளையாட்டுக் களமா?" என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே இரைந்தோம். இருபது பொட்டலத்தையும் அவன் கையாலேயே பிரித்துப் பழையபடி டின்களில் கொட்ட வைத்தோம். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு ஒரு யோசனையும் சொல்லவில்லை. சொன்னதைச் செய்தான். சொல்லாததைச் செய்யவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவனே எங்கள் மண்டிக்குத் துவரம்பருப்பு மூட்டை வாங்க வந்தான். தன் ஊரில் சின்னதாகக் கடை போட்டிருந்தான். குழம்புப் பொட்டலம் நன்றாகப் போகிறது என்றான். "அன்னைக்கு ஏன்டா எங்ககிட்ட சொல்லல?" என்று கேட்டோம். "மொதலாளி, ஆறு மணிக் கூட்டத்துல நீங்க படுற பாட்டப் பாத்துதான் கட்டினேன். சொல்றதுக்குள்ள பிரிக்கச் சொல்லிட்டீங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்பு இன்றும் நம் காதில் இருக்கிறது.

அவன் சரக்கைத் திருடவில்லை. வேலையைத் தட்டிக்கழிக்கவில்லை. நம் கஷ்டத்தைப் பார்த்து அதற்கு ஒரு வழி தேடினான். நாம் இழந்தது இருபது பொட்டலம் அல்ல, நம் கடையைத் தன் கடையாக நினைத்த ஒரு ஆளை.

விளையாட்டுக்கும் விதி உண்டு

"அப்படியானால் ஆளாளுக்கு இஷ்டப்படி செய்யட்டும் என்று கல்லாவைத் திறந்து போட்டுவிடலாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம்முடையது சிறு முதல். ஒரு மூட்டை பாழானால் ஒரு வார லாபம் போய்விடும்.

பல்லாங்குழியை எண்ணிப் பாருங்கள். இத்தனை குழி, இத்தனை காய், எங்கே நிறுத்த வேண்டும், எப்போது அள்ள வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. விதி இல்லாவிட்டால் அது விளையாட்டே இல்லை. ஆனால் எந்தக் குழியிலிருந்து எடுப்பது என்பது ஆடுகிறவள் இஷ்டம். தோற்றாலும் அடி இல்லை, மறுபடி ஆடலாம். கடையில் கொடுக்க வேண்டிய சுதந்திரமும் இதே மாதிரிதான். எல்லையை முதலாளி போட வேண்டும், எல்லைக்குள் ஆட்டம் அவனுடையது.

நம் முன்னோர்களும் வேலைக்குள் விளையாட்டை வைத்திருந்தார்கள். களத்தில் நெல் அளக்கும்போது 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்கி, ராகம் போட்டு இழுத்து எண்ணுவார்களே, அது அலுப்பையும் போக்கும், கணக்கையும் காக்கும். பாகூர்ப் பக்கம் நெல் வியாபாரம் பார்த்த பெரியவர்கள் அந்தக் குரலை மறந்திருக்க மாட்டார்கள்.

வள்ளுவப் பெருந்தகை 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். இந்த வேலையை இன்ன வழியில் இவன் முடிப்பான் என்று முதலில் ஆராய்ந்து பார், பார்த்தபின் அந்த வேலையை அவனிடமே விட்டுவிடு என்பது அதில் அவர் சொல்லும் கருத்து. ஆராய்வதோடு நாம் நின்றுவிடுகிறோம். விட்டுவிடத்தான் மனம் வருவதில்லை.

நம் கடையில் செய்யத் தக்கவை

எங்கள் கடையில் சில ஆண்டுகளாகச் செய்து பார்த்து, நிலைத்தவற்றை மட்டும் கீழே தருகிறோம். கடை சிறிதானாலும் இவை பொருந்தும்.

1. ஒரு தட்டை ஒப்படையுங்கள். கடையில் ஒரு தட்டு, அல்லது கண்ணாடிப் பெட்டியில் ஓர் அறை. அதில் என்ன வைப்பது, எப்படி அடுக்குவது என்பதை ஒரு மாதத்துக்கு ஊழியரே முடிவு செய்யட்டும். நாம் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். ஆனால் நம்மைக் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டியதில்லை.

2. நஷ்டத்துக்கு எல்லை கட்டுங்கள். மாதம் 500 ரூபாய் வரை பாழானால் கேள்வி கேட்பதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாங்கள் வெல்லத்தைக் கால் கிலோவாகக் கட்டி வைத்துப் பார்த்தோம். ஐப்பசி மழையில் கசிந்து ஒட்டிக்கொண்டது. எல்லையைத் தாண்டி 600 ரூபாய் நஷ்டம். மேற்கொண்டு 100 ரூபாய்க்காக முகத்தைச் சுளிக்கவில்லை. மழைக்காலத்தில் வெல்லம் கட்டி வைக்கக்கூடாது என்ற பாடத்துக்கு அது கொடுத்த பள்ளிக் கட்டணம்.

3. ஓய்ந்த நேரத்தை ஓய்ந்த நேரமாக விடுங்கள். மதியம் இரண்டு முதல் நான்கு வரை ஈ ஓட்டுகிறான் என்று டின்னைத் துடைக்கச் சொல்லாதீர்கள். வாரத்தில் இரண்டு நாளாவது அந்த நேரத்தை அவன் யோசனைக்கு விடுங்கள்.

4. தவறை வாடிக்கையாளர் முன்னால் பேசாதீர்கள். கடை சாத்தியபின், கணக்கு முடித்தபின், தனியாகப் பேசுங்கள். "ஏன் செய்தாய்?" என்று அதட்டாதீர்கள். "என்ன நினைத்துச் செய்தாய்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு வாய் மூடிக்கொள்ளும், இரண்டாவதற்குத் திறக்கும்.

5. ஒரு நோட்டுப் போடுங்கள். செய்து பார்த்தது எது, எத்தனை நாள், என்ன ஆயிற்று என்று இரண்டு வரி. தோற்றதையும் எழுதுங்கள். நாளை வேறொருவன் அதே குழியில் விழாமல் இருப்பான்.

6. பெயரையும் பலனையும் கொடுங்கள். எங்கள் கடையில் பில் போடும் அம்மாள் ஒருவர், துக்கம் நடந்த வீட்டுக்காரர்கள் விடியற்காலையில் வந்து என்ன வாங்குவதென்றே தெரியாமல் நிற்பதைப் பார்த்து, பதினாறாம் நாள் காரியத்துக்கு வேண்டிய சாமான் பட்டியலைத் தாமே எழுதி வைத்தார். பிறகு குடிபுகும் வீட்டுக்கு ஒன்று, வளைகாப்புக்கு ஒன்று. இப்போது பக்கத்து ஊர்க்காரர்களும் கைப்பேசியில், "அந்த அம்மா பட்டியல்படி போட்டு வையுங்கள்" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். அந்த வியாபாரத்தில் கிடைக்கும் லாபத்தில் ஒரு பங்கை ஆயுத பூஜைக்கு அவருக்குத் தனியாகக் கொடுக்கிறோம். பட்டியல் அவருடையது என்று வருகிறவர்களிடம் சொல்லவும் செய்கிறோம். பணத்தைவிட அந்தச் சொல்லில்தான் அவர் முகம் மலர்கிறது.

7. ஆடக்கூடாத இடங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள். தராசு, காலாவதித் தேதி, கடன் பேரேடு, கல்லா ஆகிய நான்கிலும் விளையாட்டே கூடாது. பொருள்களை முன்கூட்டியே கட்டி விற்பதானால் சட்ட எடையளவு விதிகளையும் மறக்க வேண்டாம். கட்டியவர் பெயர் முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, அதிகபட்ச விலை முதலியவை பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டும். 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே கட்டிப் பெயர்ச்சீட்டு ஒட்டிய அரிசி, பருப்புக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்துவிட்டதும் நினைவிருக்கட்டும். வாடிக்கையாளர் எதிரில் எடை போட்டுக் கட்டிக் கொடுப்பது வேறு, முன்பே கட்டி அடுக்குவது வேறு. ஐயம் இருந்தால் உங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். அன்று எங்கள் பையன் கரித்துண்டால் எழுதியது போல் இன்று எழுத முடியாது.

நம் பிள்ளைகளை எண்ணி

கடைசியாக ஒன்று. "என் மகன் கடைக்கு வரமாட்டேன் என்கிறான்" என்று சொல்லாத வணிகரை நாம் இப்போதெல்லாம் பார்ப்பதில்லை. படித்த பிள்ளை கடைக்கு வந்து ஒரு யோசனை சொன்னால், "நேற்று முளைத்தவன் எனக்குச் சொல்ல வந்துவிட்டான்" என்கிறோம். வாசலுக்கு நேராகத் தட்டை மாற்றி வைத்தால், "முப்பது வருடமாக அங்கேதான் இருக்கிறது" என்கிறோம். அதே பிள்ளை சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு கம்பெனியில் அதே யோசனையைச் சொன்னால் கைகொடுத்துப் பாராட்டுகிறார்கள். அவன் ஏன் திரும்பி வர வேண்டும்? அவன் வெறுப்பது கடையை அல்ல. கடையில் தனக்கு விளையாட ஒரு மூலைகூட இல்லையே என்பதைத்தான்.

கடலூரில் அந்தத் தந்தை புறாக் கூண்டைத் தூக்கி எறிந்திருந்தால், நம் கடைகளில் இன்று அந்தச் சரம் தொங்கியிருக்காது. நம் வீட்டிலும் நம் கடையிலும் எத்தனை கூண்டுகளைத் தூக்கி எறிந்திருக்கிறோம் என்பதை அவரவர் எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வருகிற திங்கட்கிழமை கடை திறந்ததும், ஒரே ஒரு தட்டைக் காலி செய்து உங்கள் பையனிடமோ, மகளிடமோ, பில் போடும் அம்மாளிடமோ கொடுத்து, "இது உன்னுடையது, ஒரு மாதம் நான் வாய் திறக்க மாட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். சொல்வது எளிது. வாய் திறக்காமல் இருப்பதுதான் கடினம். அது நமக்கான பயிற்சி.

சிந்திப்போம், செய்து பார்ப்போம்!